‘வலை வரல’ என்று ஒட்டியிருக்கும் தாள்

ஒலிக்களஞ்சியப் பிரிவில் இந்த வருஷம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்களில் இரண்டு பேர் எனக்கு போன் செய்து இரண்டு கேள்வி கேட்டீர்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது, பழைய சிடிக்களில் இருந்து எடுத்த பதிவெல்லாம் எம்பி3 ஆகவும் இருக்கிறது, ஃபிளாக் என்று பெரிய பெரிய ஃபைலாகவும் இருக்கிறது, ஒரே பாட்டு எதற்கு இரண்டு தடவை, பெரியதை அழித்துவிடலாமா லாத்தா என்பது முதல் கேள்வி. சிடி பீரோவின் கதவில் ‘வலை வரல’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, ஃபைபர் லைன் வந்து இப்போதுதான் நெட் நன்றாக வருகிறதே, அதைக் கிழித்துவிடலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கும். “அந்த ஃபோல்டர்ல கை வச்சுப் பாருங்க, பாம்பன் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி தள்ளி விட்ருவேன்” என்றேன். இரண்டாவது கேள்விக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. நெட் வரவில்லை என்று யாரோ எழுதிவைத்த புகாராம்! உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். நான் அசடு வழிந்த கதையும் இதில் இருக்கிறது, நெஞ்சு நிமிர்ந்த கதையும் இருக்கிறது. இரண்டையும் மறைக்கப்போவதில்லை.

நம் வானொலி சின்னது. நான்கைந்து கடற்கரை ஊர்களுக்குக் கேட்டால் பெரிய விஷயம். ஆனால் கேட்கிறவர்கள் படகில் இருந்தும் கேட்கிறார்கள், அது எந்தப் பெரிய நிலையத்துக்கும் கிடைக்காத மரியாதை. நான் முதல் நாளில் இருந்து ஓய்வு பெறும்வரை இங்கேதான் இருந்தேன், எல்லோருக்கும் லாத்தா, அதாவது அக்கா. ஒரு துலுக்க வீட்டுப் பொம்பளை மைக்கைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடிக்கும் மாரியூருக்கும் பஸ் ஏறுகிறாளே என்று எங்கள் தெருவில் பேசினார்கள். பேசினவர்களே பிறகு தங்கள் வீட்டு நிக்காஹ் பாட்டைப் பதிவு செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். நானும் வம்பு பண்ணாமல் போனேன்.

அப்போது எங்களிடம் மெமரி கார்டு இரண்டே இரண்டு. கடற்கரையில் பதிவு செய்வோம், வந்து சிடியில் எழுதுவோம், கார்டைத் துடைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவோம். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் உலகத்தில் ஒரே ஒரு சிடிதான் இருந்தது. கடையில் வாங்கும் பாட்டு சிடி போல அது உழைக்காது. நம் ஊர் உப்புக்காற்று வேறு. சில வருஷத்தில் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சு பொரிப்பொரியாகக் கிளம்ப ஆரம்பித்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவானது.

நிலையப் பொறுப்பாளர் நல்ல மனிதர். “எந்த ஃபார்மேட்ல வேணும்னாலும் பண்ணுங்க லாத்தா, அது உங்க இஷ்டம். மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துருங்க” என்றார். அந்த ‘உங்க இஷ்டம்’ எனக்கு இனித்தது. நான் எம்பி3 என்று சொன்னேன். அதிலும் ஆகச் சின்ன அளவு. காரணம் இல்லாமல் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது சாதாரண போன், வாட்ஸப்பில் அனுப்பினால் சட்டென்று இறங்கவேண்டும், எங்கள் ஹார்டு டிஸ்க்கும் சின்னது. எல்லாம் நியாயமான காரணம்தான். ஒரு கேள்வியை மட்டும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இது கொடுத்து அனுப்புகிற நகலா, வைத்துக் காக்கிற நகலா?

அதற்கு மேல் ஒரு கூத்து செய்தேன். மாற்றித் தருகிற மென்பொருளில் ஒரு கட்டம் இருந்தது: ‘அமைதியான பகுதிகளை நீக்கு’. யோசிக்காமல் டிக் போட்டேன்.

ஏன் யோசிக்கவில்லை என்றால், எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஒலிப்பதிவாளர் முதல் நாளே என் மண்டையில் ஏற்றிய பாடம் அது. “ஒலிபரப்புல சத்தம் நின்னா கேக்குறவன் ரேடியோ செத்துப் போச்சுன்னு திருகிட்டுப் போயிருவான். மூணு எண்ணுறதுக்குள்ள எதையாச்சும் போடு” என்பார். அதே பழக்கத்தில் இருபது வருஷம் ஓடிவிட்டது. வீட்டில் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால்கூட எனக்குக் கை பரபரக்கும். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கட்டம் மிட்டாய் மாதிரி. பீரோ முழுவதையும் ஒன்றரை மாதத்தில் முடித்தேன். பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் கை தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மீதியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அட்டைப்பெட்டி நிறைய வேலை முடிந்த சிடிக்கள் கிடந்தன. என் தம்பி பொஞ்சாதி, அவளை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான், கருவாடு காயப்போடுகிறவள். “காக்கா தொல்லை தாங்கல மச்சி, சும்மா கெடக்குற சிடி இருந்தா குடேன். கட்டித் தொங்கவிட்டா மினுமினுன்னு ஆடும், ஒரு காக்கா அண்டாது” என்றாள். பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மாரியூரில் இருந்து புருஷனும் பொஞ்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர் பெயர் சேதுராசு. அவர் மனைவி இருளாயி. சேதுராசை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் குரலை அந்தக் கடற்கரையில் நான்தான் பதிவு செய்தேன்.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும். இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று மணிக்கணக்கில் இழுக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் நடுவில் இருக்கிற மடி, அதாவது மீன் சேருகிற பை, கோணாமல் கரைக்கு வரும். அதற்காக ஒருவர் முன்னால் நின்று அம்பா சொல்வார். அவர் ஒரு அடி பாடுவார், கூட்டம் ‘ஏலா’ என்று வாங்கிக்கொள்ளும். அம்பா சொல்வதில் சேதுராசுக்கு அந்தக் கரையில் ஆள் கிடையாது.

அன்று வந்த சேதுராசின் கழுத்தில் ஒரு மெல்லிய துணி கட்டியிருந்தது. ஒன்றும் பேசவில்லை. இருளாயிதான் பேசினாள்.

“தொண்டையில கட்டி, அக்கா. குரல்வளைய எடுத்துட்டாக. இந்தா, கழுத்துல ஓட்ட போட்டு அது வழியாத்தான் மூச்சு. கயிறு புடிச்சு இழுக்கக் கூடாதுன்னுட்டாக. அம்பா சொல்லவும் தொண்ட இல்ல. வலைக்குச் சொந்தக்காரரு, சம்மாட்டி, நல்ல ஆளுதான், ஆனா அவரும் எம்புட்டு நாளு பாப்பாரு? ‘வார திங்கக்கிழம வரைக்கும் பாக்குறேன், அதுக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லன்னா வேற ஆளக் கூட்டியாரேன்’னுட்டாரு. இவுக வீட்டுக்குள்ளயே உக்காந்து சுவத்தப் பாக்குறாக. சோறு எறங்கல. அப்பத்தான் எனக்கு ஓசன வந்துச்சு. இவுக குரலு உங்ககிட்ட இருக்குல்ல? அதப் போனுல போட்டா கரையில அது சொல்லிட்டுப் போகுது. குடுங்கக்கா.”

எனக்குப் பெருமை பொங்கியது. இதற்காகத்தானே வானொலி வைத்திருக்கிறோம்! இரண்டு நிமிஷத்தில் ஃபைலைத் தேடி வாட்ஸப்பில் அனுப்பினேன். “சின்ன ஃபைலு, உங்க போன்ல அருமையா ஓடும்” என்று பீற்றிக்கொண்டேன். சேதுராசு தன் குரலைக் காதில் வைத்து இரண்டு அடி கேட்டார். கண் கலங்கிக் கும்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள்.

நான்காம் நாள், சனிக்கிழமை, இரண்டு பேரும் திரும்ப வந்து நின்றார்கள். இருளாயி உட்காரக்கூட இல்லை.

“என்னக்கா குடுத்தீக? பைக்குல மீன் விக்கிற தம்பிட்ட ஸ்பீக்கர வாங்கிட்டுப் போயி, ஊரே வேடிக்க பாக்கப் போட்டோம். அந்தப் பக்கம் இழுக்குறான், இந்தப் பக்கம் விடுறான். கயிறு வழுக்கி ஒருத்தன் கையெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. மடி கோணிக்கிட்டு மீனு பூராம் வெளிய போயிருச்சு. ‘அண்ணன் பாட்டு அண்ணனயே ஏமாத்திருச்சு’ன்னு சிரிக்கிறானுக.”

“வார்த்தை ஒன்னுகூட விடலையே இருளாயி, எல்லா அடியும் இருக்கே” என்றேன். அவள் போனில் இருந்ததை மேஜையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. குரல் கணீரென்று இருந்தது.

சேதுராசு என் மேஜையில் இருந்த தாளை இழுத்தார். பேனாவை எடுத்து இரண்டே வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினார். ‘வலை வரல.’

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் எழுந்து நின்றார். பாட்டோடு சேர்ந்து உதட்டை அசைத்தார். ஒரு அடி முடிந்ததும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கயிற்றைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி இழுக்கப் போனார். கை பாதி வருவதற்குள் அடுத்த அடி வந்து விழுந்தது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி நீட்டினார். மறுபடி அடுத்த அடி வந்து இடித்தது. மூன்றாம் தடவை எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி உறைத்தது. யா அல்லாஹ்! பாட்டுக்கு நடுவில் இருக்கும் அமைதியில்தான் வலை வருகிறது. அடி சொல்வது மூச்சுப் பிடிக்க. இழுப்பது சத்தம் நின்ற பிறகு. அந்த இடத்தை நான் டிக் போட்டு அறுத்தெறிந்திருக்கிறேன்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: பதினொரு நிமிஷம் நாற்பது விநாடி. நான் கொடுத்த எம்பி3 ஏழு நிமிஷம் சொச்சம். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை, பிள்ளைகளா. கை தட்டல் வாங்குகிற அவசரம்.

“நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பாத்தாகக்கா, அதுக்கும் எடமில்ல. நிப்பாட்டுறதுக்குள்ள அடுத்ததோட தல வந்துருது” என்றாள் இருளாயி. அதுவும் சரிதான். அந்த மென்பொருள் ஒரு அடியின் வாலில் அடுத்த அடியின் தலையைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தது.

பொறுப்பாளர் வந்து கேட்டுவிட்டு, “சமமா ரெண்டு செகண்டு இடைவெளி விட்டுக் குடுத்துருவோமே லாத்தா” என்றார். சேதுராசு கூடாது என்று வேகமாகத் தலையாட்டினார். வலை தூரத்தில் கனமாக இருக்கும்போது இடைவெளி நீளம், நெருங்க நெருங்கக் குறையும், மடி அலைக்குள் வந்ததும் மறுபடி நீளும். அதைக் கையாலேயே காட்டினார். அந்தக் கணக்கு எந்த மென்பொருளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய சிடிக்குத்தான் தெரியும்.

“சிடி எங்க?” என்றார் பொறுப்பாளர். நான் வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினேன்.

ஆட்டோவில் நாலு பேருமாக மச்சியின் கருவாட்டுக் களத்துக்குப் போனோம். நெத்திலியும் சாளையும் விரித்துக் கிடக்க, மேலே தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நரம்பில் என் இத்தனை வருஷ வேலை வெயிலில் மினுமினுத்து ஆடிக்கொண்டிருந்தது. நிக்காஹ் பாட்டு, தனுஷ்கோடிக்காரர்கள் பேசிய பேச்சு, படகு கட்டுகிறவர்களின் பேட்டி, எல்லாம் காக்கா விரட்டுகிற வேலையில். மச்சி சந்தோஷமாகச் சொன்னாள்: “ஒரு காக்கா வரல மச்சி, நல்ல சிடி!”

அத்தனையையும் இறக்கினோம். மார்க்கரில் எழுதிய பெயர்கள் வெயிலில் போன இடம் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் கண்ணாடி வளையத்தில் பதிவேட்டு எண்ணைச் சின்னதாக எழுதுவேன். நரம்பு உரசி அதிலும் பாதி போயிருந்தது. 214 தேடினேன். 21 என்பது மட்டும் தெரிகிற சிடி ஐந்து கிடைத்தது. ஐந்தையும் திருப்பி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். எழுதிய பாகம் வேறு நிறமாக வளையம் போலத் தெரியும். மற்ற நான்கிலும் அகலமான வளையம், நீளமான பேட்டிகள். ஒன்றில் மட்டும் நடுவை ஒட்டி ஒல்லியாக ஒரு வளையம். பதினொரு நிமிஷம். அதுதான்.

அதே வெயிலில் இன்னொன்றையும் பார்த்தேன். அந்த ஒல்லி வளையத்தின் வெளிவிளிம்பில் மிளகளவு பூச்சு பெயர்ந்து வெளிச்சம் ஊடே தெரிந்தது. உப்பு அரித்ததோ, காற்றில் ஒன்றோடொன்று மோதியதோ. சிடி உள்ளிருந்து வெளியேதான் எழுதப்படும். அப்படியென்றால் போனது பாட்டின் கடைசிப் பகுதி.

நிலையத்துக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் ஒரே அவசரம். “சட்டுனு போட்டுப் பாத்துருங்க லாத்தா, திங்கக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கு” என்றார் பொறுப்பாளர். இருளாயி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கை துடித்தது. ஆனால் நான் ஒரு முறை அவசரப்பட்டது போதும் என்று நினைத்தேன். உப்பும் மீன் எண்ணெயும் ஒட்டிய சிடியை வேகமாகச் சுற்றுகிற டிரைவில் போட்டால், பெயர்ந்த பூச்சு இன்னும் பெயரும். அப்புறம் யார் அழுதாலும் வராது.

“இன்னிக்குப் போட மாட்டேன்” என்றேன். “கழுவணும், நெழல்ல காயணும். நாளைக்குக் காலையிலதான்.”

பொறுப்பாளர் முகம் கோணியது. சேதுராசு என்னையே பார்த்தார். பிறகு இருளாயியின் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தார். நம்புகிறேன் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அன்று இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள்.

சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, அதன் டிரைவில் ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டேன். டிரைவ் லேசுப்பட்டது இல்லை. படிக்க முடியாத இடத்தை அக்கம்பக்கம் பார்த்துக் குத்துமதிப்பாக நிரப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும்.

பத்தரை நிமிஷம் பழுதில்லாமல் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு அடி, ‘ஏலா’, அப்புறம் அந்த இடம். நான் அமைதி என்று நினைத்து எறிந்த இடம். அதில் மணலில் குதிகால் பதிகிற சத்தம், கயிறு நனைந்து முறுகுகிற சத்தம், சேதுராசு மூக்கால் இழுக்கிற மூச்சு, எல்லாம் இருந்தது. சேதுராசு கையை நீட்டி இழுத்தார். இந்தத் தடவை கை முழுசாக வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி விழுந்தது.

அதை ஃபிளாக்கில் வைத்தேன். நீங்கள் அழிக்கலாமா என்று கேட்ட பெரிய ஃபைல் அதுதான். எம்பி3 என்பது கருவாடு. தூக்கிப் போக லேசு, எங்கேயும் போகும், ருசியும் உண்டு, ஆனால் உள்ளிருந்ததில் பாதி வெயிலோடு போயிற்று. ஃபிளாக் ஐஸில் வைத்த மீன். கொஞ்சம் இடம் அடைக்கும், ஆனால் எப்போது எடுத்தாலும் செதில் முதற்கொண்டு அப்படியே இருக்கும். அதில் இருந்து எத்தனை கருவாடு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினால் சரியாகிவிடும்தானே என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். மாறும், ராசா. ஃபைல் மட்டும் பெரிசாகும்.

மீதி ஒரு நிமிஷத்துக்கு வழி? மடி கரையைத் தொடுகிற நேரத்து அம்பா அது. அது இல்லாவிட்டால் கூட்டத்தை நடுக்கடலில் விட்ட கதைதான். நல்லவேளை, அதன் வார்த்தைகள் என் பாழாய்ப்போன எம்பி3யில் இருந்தன. அதையும் நான் அழித்திருந்தால் தொலைந்தேன். ஆனால் இடைவெளி இல்லையே.

இருளாயி எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள், சேதுராசை மட்டும் பதிவு அறைக்குள் உட்காரவைத்தேன். ஒரு மைக் ஒயரை ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன். ஒரு அடியைப் போடுவேன். அவர் ஒயரை மெதுவாகப் பிடித்து, அலையை மனசுக்குள் பார்த்து, இழுத்து முடித்ததும் தலையசைப்பார். அந்த நீளத்துக்கு இடம் விட்டு வைப்பேன். அடுத்த அடி. நடுவில் ஒரு தடவை அலை உள்வாங்குகிறது போல, தலையசைக்காமல் நெடுநேரம் இருந்தார். எனக்குப் பழைய பழக்கத்தில் மூன்று எண்ணியதும் கை பரபரத்தது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

முடித்துப் போட்டுக் கேட்டோம். நீளம் சரி. ஆனால் அவர் முகம் சுளித்தார். இடைவெளியில் ஒன்றுமே இல்லை. மணல் இல்லை, மூச்சு இல்லை, கிணற்றுக்குள் விழுந்த மாதிரி வெறுமை. நான் முன்பகுதியில் இருந்து வெட்டி ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் எழுந்து வந்தார். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். மைக்கிடம் குனிந்து, கழுத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய், ஒயரைப் பிடித்து இழுத்தார். அந்தத் துளை வழியாக வந்த மூச்சு மைக்கில் ஏறியது. கரகரவென்று, நீளமாக.

நான் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். எனக்குக் கண் மறைத்தது.

நீங்கள் ஃபோல்டரில் இரண்டு ஃபைல் பார்த்திருப்பீர்கள். ‘மாரியூர் அம்பா, உள்ளபடி’ என்பதில் கடைசி நிமிஷம் கிடையாது. போனது போனதாகவே இருக்கும், அதில் நான் எதையும் ஒட்டவில்லை. ‘மாரியூர் அம்பா, கரைக்கு’ என்பதில்தான் ஒட்டுப்போட்டது, எது எங்கிருந்து வந்தது என்று குறிப்பும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். முதலாவது நாம் வைத்துக் காக்கிறது. இரண்டாவது அவருடையது.

திங்கட்கிழமை விடிகாலை நானும் மாரியூருக்குப் போனேன். கறுப்புச் சேலையோடு கரையில் நின்ற என்னைப் பார்த்து, “ரேடியோக்கார அக்கா, இன்னிக்காச்சும் பாட்டு உருப்படியா வருமா?” என்று ஒருவன் கிண்டல் செய்தான். “மொதல்ல நீ உருப்படியா இழு” என்றேன். கையில் கட்டுப்போட்டிருந்தவனும் வந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குக் கூசியது. சேதுராசு தன் பழைய இடத்தில், கயிற்றுக்கு முன்னால், போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மீன் விற்கிற தம்பியின் ஸ்பீக்கர் முதலில், “நண்டு, எறா, சீலா” என்று கத்தித் தொலைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அம்பா எழுந்தது.

முதல் இழுப்பில் கூட்டம் தயங்கியது. இரண்டாவதில் கால் சேர்ந்தது. ஐந்தாவதில் ‘ஏலா’ என்று அவர்கள் வாங்கியது ஸ்பீக்கரைவிடப் பெரிதாக இருந்தது. அலை ஏறும்போது சேதுராசு கட்டைவிரலால் நிறுத்தினார், இறங்கும்போது விட்டார். இப்போது நிறுத்த இடம் இருந்தது. வலை தூரத்தில் இருந்தவரை முன்பகுதியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். சம்மாட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஏலே, என்னலே வாயப் பாக்குறீக? அண்ணன் கூப்புடுறாருல்ல, இழுங்கலே!” என்று தானும் கயிற்றில் கை வைத்தார்.

மடி அலைக்குள் வந்தபோது கடைசி நிமிஷம் ஓட ஆரம்பித்தது. பழைய கணீர்க் குரலில் ஒரு அடி. அதன் பின்னால் அந்தக் கரகரத்த மூச்சு. என் பக்கத்தில் நின்ற இருளாயி சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, இது இப்ப உள்ள மூச்சுல்ல?”

நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“ஆறு மாசமா பக்கத்துல படுத்துக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?” என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மடி கோணாமல் நேராகக் கரையில் வந்து ஏறியது.

என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தக் காலைக்கு ஈடாகாது. அப்புறம் அந்தக் களத்துச் சிடி எல்லாவற்றையும் கழுவி, திரும்ப முதலில் இருந்து ஃபிளாக்கில் ஏற்றினேன். ஒரு வருஷம் பிடித்தது. சிலது வெயிலில் செத்துப் போயிருந்தது, அதற்கு நான்தான் பொறுப்பு, பதிவேட்டில் என் பெயரோடு எழுதியிருக்கிறேன். மச்சிக்கு அதற்குப் பதிலாக நம் ஆண்டு விழா உரைகளின் சிடியைக் கொடுத்தேன். காக்கா முன்னைவிட நன்றாகப் பயப்படுகிறதாம்.

ஆகவே இடம் போதவில்லை என்றால் இன்னொரு ஹார்டு டிஸ்க் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் வாரேன். இனி எந்தக் கட்டத்தில் டிக் போடுவதற்கு முன்னாலும், அந்தச் சத்தத்தை வைத்துக் கையால் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கவிடுங்கள். நம் காது ரேடியோக்காரக் காது. அதற்குத் தெரியாதது நிறைய இருக்கிறது.

அந்தத் தாள் விஷயம். வலை வந்த மறு வாரம் சேதுராசு ஒரு கூடை மீனோடு நிலையத்துக்கு வந்தார். தாளை நான் பீரோ கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். உரித்து எடுத்து, பேனா வாங்கி, மேஜையில் வைத்து, பின்பக்கத்தில் ஏதோ எழுதித் திரும்ப ஒட்டினார். புதிதாக எழுதிய பக்கம்தான் வெளியே தெரியும்படி ஒட்டினார். அவர் போன பிறகு நான்தான் திருப்பி ஒட்டினேன், என் தப்பு என் கண்ணில் தினமும் படட்டும் என்று. இத்தனை வருஷமாக யாருக்கும் மறுபக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

கிழிக்காதீர்கள். மெதுவாக உரித்துத் திருப்பிப் பாருங்கள். ‘வந்துருச்சு’ என்று இருக்கும். நான் ஓய்வு பெற்றாயிற்று, இனி அந்தப் பக்கமே வெளியே இருக்கட்டும்.